காமன் வாய்ஸ், பாஷா தான்: நாலு மாதம் குரல் கொடுத்துப் பார்த்த அனுபவம்

முதலில் கதை, அப்புறம் மதிப்பெண். எங்கள் அம்மா கணக்கு வைத்திருக்கும் வங்கியில் (பெயர் வேண்டாம்) கஸ்டமர் கேர் எண்ணில் இப்போது பட்டனை அமுக்க வேண்டியதில்லை, வாயாலேயே சொல்லலாம். அம்மா ரிட்டயர்டு டீச்சர், பாளையங்கோட்டை. மெஷின் தமிழில் தேவையைச் சொல்லச் சொன்னதும், "பென்சன் ஏறிட்டான்னு பாத்துச் சொல்லுதியளா" என்று கேட்டாள். மன்னிக்கவும், புரியவில்லை. இன்னும் சத்தமாகக் கேட்டாள், அதே மன்னிக்கவும். மூன்றாவது தடவை தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூட ஆண்டு விழாவில் வரவேற்புரை வாசிக்கிற குரலில், "என்னுடைய ஓய்வூதியம் வந்துவிட்டதா?" என்றாள். டக்கென்று புரிந்துகொண்டது. போனை வைத்துவிட்டு, "ஏட்டி, இதுகிட்ட பேசணும்னா மேடை ஏறணும் போலுக்கு" என்றாள்.

மெஷினுக்கு யார் இப்படி ஒரு தமிழைக் கற்றுக்கொடுத்தது என்று தேடப்போய்த்தான், நம்மிடமே குரலைக் கேட்டு வாங்கும் இந்த இரண்டு தளங்களும் கண்ணில் பட்டன. ஒன்று ஃபயர்ஃபாக்ஸ் ப்ரௌசர் செய்யும் மொசில்லா 2017-ல் தொடங்கிய காமன் வாய்ஸ். மற்றது, இந்திய மொழிகளை மெஷினுக்குக் கற்றுக்கொடுக்கும் மத்திய அரசின் பாஷினி திட்டத்தில் வரும் பாஷா தான். தானம் என்ற பொருளில் வைத்த பெயர். தமிழில் படித்தால் "பாஷைதான், வேறென்ன" என்கிற மாதிரி இருக்கிறது, அதுவும் பொருத்தம்தான்.

காமன் வாய்ஸில் வேலை ரொம்ப எளிது. அக்கவுண்ட்கூட வேண்டாம், போனில் தளத்தைத் திறந்து மைக்குக்கு அனுமதி கொடுத்தால் போதும். ஒரு வாக்கியம் வரும், வாசிக்க வேண்டும், பிடிக்கவில்லை என்றால் தள்ளிவிடலாம், தப்பாக வாசித்துவிட்டால் திரும்பப் பதியலாம். ஐந்து முடிந்ததும் அனுப்ப வேண்டியது. இன்னொரு பக்கத்தில் அடுத்தவர்கள் வாசித்ததைக் கேட்டு, எழுத்தில் இருப்பதும் காதில் விழுவதும் ஒன்றுதானா என்று ஆம், இல்லை சொல்ல வேண்டும். இரண்டு பேர் ஆம் என்றால் அந்தக் கிளிப் தேறியது. வயது, பாலினம், பேச்சு வழக்கு எல்லாம் விருப்பம் இருந்தால் சொல்லலாம். எங்கள் வீட்டில் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, குக்கர் விசில் அடங்கும்வரை காத்திருந்து பதிந்தோம். அப்படியும் வேப்பமரத்துக் குயில் இரண்டு வாக்கியத்தில் கூடவே கூவியிருக்கிறது. வாசிப்பு தெளிவாக இருந்ததால் அதையும் விட்டுவிட்டேன், நாலு மனுசர் இருக்கிற வீட்டில்தானே மெஷின் நாளைக்கு வேலை பார்க்க வேண்டும்.

பிரச்சினை அந்த வாக்கியங்களில். "சென்றடைந்தனர்", "குறிப்பிடத்தக்கது" என்று கட்டுரை நடை. அம்மாவை உட்காரவைத்து முதல் ஐந்தைப் பதிந்தபோது "வந்தார்கள்" என்று எழுதியிருப்பதை "வந்தாவ" என்று வாசித்துவிட்டாள். வாயில் அப்படித்தான் வருகிறது. யம்மா, எழுத்தில் உள்ளபடிதான் வாசிக்கணும், சொல் மாறினால் செல்லாது என்றேன். "இப்படி யாரு பேசுவா? என்னத்த வாசிக்கச் சொல்லுதான் இவன்?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் வரவேற்புரைக் குரலுக்குப் போனாள். எந்தக் குரலில் பேசினால்தான் மெஷினுக்குப் புரிகிறது என்று எரிச்சல்பட்டாளோ, அதே குரலையே இன்னும் கொஞ்சம் அள்ளிப்போட்டுவிட்டு எழுந்தாள். இங்கிலீஷ்காரர்களுக்கு இது பெரிய விஷயமாக இருக்காது, எழுதுவதை வாசித்தால் ஏறக்குறைய பேசுவதுபோலவே இருக்கும். நமக்கு எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் ஒரு வீட்டில் இரண்டு சமையல். வாசிக்கச் சொல்லியே தரவு சேர்த்தால் ஒரு சமையல்தான் பந்திக்கு வரும்.

உச்சரிப்பு விஷயத்தில் மட்டும் நல்ல தாராளம். சொல் சரியாக இருந்து, வட்டார உச்சரிப்பு வேறாக இருந்தால் ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார்கள். எங்கள் பக்கம் பழத்தைப் "பளம்" என்றுதான் சொல்வோம். கேட்கும் பக்கத்தில் அப்படி ஒரு குரல் வந்தால் நான் யோசிக்காமல் ஆம் போடுகிறேன். தமிழாசிரியர்கள் கோபித்துக்கொள்ளக்கூடும், ஆனால் மெஷினுக்கு "வாளப்பளம்" புரியாவிட்டால் நஷ்டம் கடைக்காரருக்குத்தான்.

பாஷா தானில் நாலு வேலை. கேட்டதை எழுதுவது, வாசித்துப் பதிவது, மொழிபெயர்ப்பது, படத்தில் இருக்கும் எழுத்தைத் தட்டச்சு செய்வது. செய்யச் செய்ய வெண்கலம், வெள்ளி என்று பதக்கம் வேறு. அக்கா மகன் பதக்கத்துக்காகவே ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்தான், அடுத்த ஞாயிறு ஆளைக் காணவில்லை. எனக்குப் பிடித்தது மொழிபெயர்க்கும் பகுதி, அதில்தான் நாம் நம் சொல்லைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள முடிகிறது. வாசிக்கும் பகுதிக்கு மேலே சொன்ன அதே குறைதான்.

சரி, இப்படிச் சேரும் குரல்கள் எங்கே போகின்றன? பாஷினியை 2022 ஜூலையில் காந்திநகரில் பிரதமர் தொடங்கிவைத்தார். அதே மாதம் சென்னை ஐஐடியில், இந்திய மொழிகளுக்கு ஏஐ செய்யும் ஏஐ4பாரத் குழுவுக்காக, இன்ஃபோசிஸ் நிலேகணி குடும்பத்தின் 36 கோடி ரூபாய் நன்கொடையில் ஒரு மையம் வந்தது. அரசு ஒரு பக்கம், கல்லூரி ஒரு பக்கம், தொழிலில் சம்பாதித்த பணம் ஒரு பக்கம், குரலுக்கு நாம். இந்தக் கூட்டணி பேப்பரில் மட்டும் இல்லை என்பதற்கு ஒரு உதாரணம் ஜுகல்பந்தி. ஏஐ4பாரத்தின் மொழி மாடல்களையும் மைக்ரோசாஃப்ட் பக்கத்துத் தொழில்நுட்பத்தையும் சேர்த்து 2023-ல் வாட்ஸ்அப்பில் வந்த சாட்பாட் அது. அரசுத் திட்டங்களைப் பற்றி நம் மொழியில் கேட்பதற்காகச் செய்தது. ஹரியானாவில் பீவான் என்ற கிராமத்தில்தான் முதலில் கொண்டுபோய்ப் பார்த்தார்கள்.

ஏஐ4பாரத் குழுவே சேர்த்த ஷ்ருதிலிபி என்ற குரல் தொகுப்பு அகில இந்திய வானொலிச் செய்திகளிலிருந்து எடுத்தது, 12 மொழிகளில் 6,400 மணி நேரத்துக்கு மேல். இதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். சரோஜ் நாராயணசுவாமி செய்தி வாசித்ததைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனாலும் காலையில் அவர் குரலைக் கேட்டுவிட்டுத் தண்ணீர்க் குழாயடிக்குப் போய் யாரும் அப்படிப் பேசியதில்லை. மெஷின் வானொலியில் தமிழ் படித்தால் வானொலி மாதிரிதான் பேசும், அது மெஷினின் தப்பில்லை.

இதைச் சரிசெய்யும் முயற்சியும் அங்கிருந்தே வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் பாவம். 2024-ல் அதே குழு வெளியிட்ட இண்டிக்வாய்ஸஸ் தொகுப்புக்கு 145 மாவட்டங்களில் 16,237 பேரைப் பேசவைத்திருக்கிறார்கள். மொத்தம் 22 மொழி, 7,348 மணி நேரம். அதில் வாசித்தது 9 சதவீதம்தான். 74 சதவீதம் அவரவர் மனதில் பட்டதைப் பேசியது, மிச்சம் இரண்டு பேர் உரையாடுவது. எனக்கு வேண்டியது இதுதான். ஆனால் இதற்கு ஆள் மாவட்டம் மாவட்டமாக வர வேண்டும், நம்மை அவர்கள் தேடி வந்தால்தான் உண்டு. வீட்டில் போனை வைத்துக்கொண்டு தானாக வரத் தயாராக இருக்கிற என்னைப் போன்றவளுக்குக் கிடைப்பது கட்டுரை வாசிப்பு.

"இதுக்குத் துட்டு கிடையாதா?" இது அம்மாவின் கேள்வி, நியாயமான கேள்வி. பெங்களூரில் கார்யா என்ற அமைப்பு இதே மாதிரிக் குரல் பதிவுக்கு மணிக்கு 5 டாலர் அளவில் கொடுப்பதாக 2023-ல் செய்தி வந்தது. காமன் வாய்ஸில் காசு கிடையாது, அதற்குப் பதில் சிசி ஜீரோ உரிமம். எடுப்பவர் யாரிடமும் கேட்க வேண்டாம், யாருக்கும் காசு தர வேண்டாம். ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி. குடத்தோடு வருகிறவளும் இறைக்கலாம், டேங்கர் லாரியும் வரும். வந்தது: ஃபேஸ்புக்கின் ஆராய்ச்சிக் குழு 2020-ல் 53 மொழிக்குச் செய்த பேச்சு மாடலுக்கு இதையும் எடுத்துக்கொண்டது. 2021-ல் சிப் செய்யும் என்விடியா கம்பெனி காமன் வாய்ஸுக்கு 15 லட்சம் டாலர் கொடுத்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். எனக்கு லாரி மேல் கோபம் இல்லை. கிணற்றுக்கு மூடி போட்டு ஒரே ஆள் பூட்டிவைத்திருந்தால்தான் கோபம் வந்திருக்கும். 2020 ஆகஸ்டில் மொசில்லா 250 பேரை வேலையை விட்டு அனுப்பியது, மொசில்லா செய்துகொண்டிருந்த, பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் டீப்ஸ்பீச் என்ற இன்ஜினும் அதற்குப் பிறகு தேங்கிப்போனது. ஆனால் மக்கள் கொடுத்த குரல் எல்லோருக்கும் திறந்து கிடந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. கம்பெனி மனசு மாறும், அதனால் உரிமத்தைப் பார்த்துத்தான் குரலைக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஒரு விஷயத்தில் மட்டும் வெட்கமாக இருக்கிறது. ருவாண்டா, மக்கள்தொகையில் தமிழ்நாட்டில் கால் பங்குகூட வராத நாடு. அங்கே மாதம் ஒருமுறை ஊர் கூடிப் பொதுவேலை செய்யும் வழக்கத்துக்கு உமுகண்டா என்று பெயர். அந்தப் பெயரையே வைத்து டிஜிட்டல் உமுகண்டா என்ற நிறுவனம் மக்களைத் திரட்டி, கின்யருவாண்டா மொழியில் காமன் வாய்ஸுக்கு 2,000 மணி நேரத்துக்கு மேல் குரல் சேர்த்துவிட்டது. தமிழ் இன்னும் சில நூறு மணியில் நிற்கிறது. மொழிக்காக உயிர் கொடுப்போம் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம், இங்கே கேட்பது ஐந்து வாக்கியம்.

மதிப்பெண்: காமன் வாய்ஸுக்கு ஐந்துக்கு நாலு, அதில் அரை மார்க் உரிமத்துக்காகச் சேர்த்துக் கொடுத்தது. பாஷா தானுக்கு மூன்று. தொடங்குகிறவர்கள் வாசிக்கிற பக்கத்தோடு நிறுத்தாமல் கேட்கிற பக்கத்துக்கும் போங்கள், எத்தனை பேர் வாசித்தாலும் கேட்டுச் சரிபார்க்க ஆள் இல்லையென்றால் குரல் வரிசையிலேயே கிடக்கும். வீட்டில் பெண்களையும் வயசானவர்களையும் உட்காரவையுங்கள். வாக்கியம் எழுதிக் கொடுக்கவும் காமன் வாய்ஸில் இடம் இருக்கிறது, நம் சொந்த வாக்கியமாக இருந்தால் போதும். நான் இப்போது ராத்திரி ராத்திரி அதைத்தான் செய்கிறேன். பெரிய இலக்கியம் எல்லாம் இல்லை, "பால்காரர் வந்துட்டாரா?" மாதிரி.

அம்மா வாசிப்பதை விட்டுவிட்டாள், இப்போது கேட்கும் பக்கம்தான். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் என் போனை வாங்கி ஹெட்போனை மாட்டிக்கொள்கிறாள். போன வாரம் ஒரு கிளிப்பைக் கேட்டவள் எனக்கும் ஒரு பக்கத்தை மாட்டிவிட்டாள். வயதான ஆண் குரல், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாக வாசிக்கிறார். "இவிய யாழ்ப்பாணம்லா" என்றாள் அம்மா. "எவ்வளவு பொறுமையா வாசிக்காவ பாரு." ஆம் போட்டுவிட்டு, அடுத்ததை என்னவென்று கேட்டாள்.