ஹாம்பர்க் எல்ப்ஃபில்ஹார்மனி: சரக்குக் கிடங்கின் மேல் ஓர் இசையரங்கம்

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், எல்பே ஆற்றங்கரையில் நிற்கும் இந்த அரங்கத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அலைபோல் எழுந்து தாழும் அதன் கூரையையே புகழ்கிறார்கள். எனக்குப் பிடித்ததோ அடியில் இருக்கும் செங்கல் கிடங்குதான். வெர்னர் கால்மோர்கன் வடிவமைத்து 1966இல் முடிந்த அக்கட்டடத்தில் கொக்கோவும் தேயிலையும் புகையிலையும் மூட்டை மூட்டையாக அடுக்கப்பட்டிருந்தன. கன்டெய்னர் கப்பல்கள் பெருகியபின் அதற்கு வேலையில்லாமற் போயிற்று. ஹெர்சோக் – டி மூரோன் கட்டடக்கலை நிறுவனத்தார் அதன் புறச்சுவர்களை அப்படியே நிறுத்தி, அவற்றின் மேல் கண்ணாடி மாளிகையை ஏற்றியிருக்கிறார்கள். துறைமுக மரபு என்றதும் நங்கூரத்தையும் பாய்மரத்தையும் சுவரில் ஒட்டிவைக்கும் பழக்கத்தைவிட இது எவ்வளவோ மேல். ஆயினும் சுவர்களுக்குள் பழைய தளங்கள் மிஞ்சவில்லை. மூட்டைகள் கிடந்த இடத்தில் இன்று கார்கள் நிற்கின்றன.

நுழைந்ததும் 82 மீட்டர் நீள நகரும் படிக்கட்டு நம்மை ஏற்றிச் செல்கிறது. அது நடுவில் மெல்ல வளைவதால் மறுமுனை கண்ணுக்குத் தெரிவதில்லை. செங்கல்லும் கண்ணாடியும் சந்திக்கும் 37 மீட்டர் உயரத்தில் உள்ள பொதுத் தளத்திற்குக் கச்சேரிச் சீட்டு இல்லாதவர்களும் வரலாம். அதன் வெளிமாடத்தைச் சுற்றி நடந்தால் காற்று முகத்தில் அறைய, கப்பல்களின் சங்கொலி கேட்கிறது.

பெரிய அரங்கத்தில் 2,100 இருக்கைகள் இசைக்குழுவைச் சுற்றிச் சரிவாக எழுகின்றன. ஒலியியல் வல்லுநர் யசுஹிசா தொயோட்டாவின் ஒலிக் கணக்கீடுகளின்படி, சுவர்களைப் போர்த்தியிருக்கும் ஏறத்தாழ 10,000 ஜிப்சம் பலகைகளில் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் குடையப்பட்டது. கையால் தடவினால் கடல் அரித்த பாறையைத் தொட்டதுபோல் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. மெல்லிய வயலின் இழையும் கடைசி வரிசைவரை தெளிவாக வருகிறது. யாரோ மிட்டாய்த் தாளைப் பிரிப்பதும் அப்படியே வருகிறது. அரங்கம் முழுவதும் எஃகுச் சுருள்வில்களின் மேல் அமர்ந்திருப்பதால், சற்றுமுன் வெளியே கேட்ட சங்கொலி உள்ளே எட்டுவதே இல்லை. இசைக்கு அது தேவைதான் என்றாலும், துறைமுகத்தின் குரலை வாசலிலேயே நிறுத்திவிட்டார்களே என்று எனக்கு ஒரு சிறு குறை.

2010இல் திறப்பதாக இருந்த அரங்கம் 2017 ஜனவரியில்தான் திறந்தது, தொடக்கத்தில் 7.7 கோடி யூரோ என்று சொல்லப்பட்ட நகரத்தின் பங்கு 78.9 கோடியில் போய் நின்றது. அத்தனை செலவுக்குப் பின்னும் பொதுத் தளத்தை எல்லோருக்கும் திறந்து வைத்தது நியாயமான முடிவு. கச்சேரிக்குச் சீட்டு கிடைக்காதவர்கள் அருகிலுள்ள பௌம்வால் மெட்ரோ ரயில் நிலையத்தில் இறங்கி, அந்தி சாயும் நேரத்தில் மேலே ஏறிப் பார்க்கலாம்.