கவுன்சில் நிலையத்தில் எம்ஓடி: ஒரு மாதம் முந்திச் செய்துகொண்ட அனுபவம்

எம்ஓடி என்பது கார் சாலைக்குத் தகுதியானதா என்று பார்க்கும் ஆண்டுப் பரிசோதனை. அதன் சான்றிதழ் முடிவதற்கு ஒரு மாதம் முன்னரே காரைப் பரிசோதித்துக்கொள்ளலாம், அப்படிச் செய்தாலும் பழைய முடிவுத் தேதி மாறாது என்பது பிரிட்டனில் கார் வைத்திருக்கும் பலருக்குத் தெரிந்ததுதான். நவம்பர் 20 அன்று முடியும் சான்றிதழை அக்டோபர் 21 முதல் புதுப்பிக்கலாம். புதியது அடுத்த ஆண்டு நவம்பர் 20 வரை செல்லும். அதற்கும் ஒரு நாள் முந்திவிட்டால் இந்தச் சலுகை கிடையாது. இம்முறை அந்த ஒரு மாதத்தைப் பயன்படுத்தி, வழக்கமான கராஜை விட்டுவிட்டு, லண்டனில் எங்கள் பகுதிக் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) நடத்தும் பரிசோதனை நிலையத்துக்குச் சென்றேன்.

கவுன்சில் தன் சொந்த வாகனங்களுக்காக வைத்திருக்கும் இடம் அது. பொதுமக்களின் கார்களையும் அங்கே பரிசோதிக்கிறார்கள், ஆனால் பழுது பார்ப்பதில்லை. ஆகவே இல்லாத குறையைக் கண்டுபிடிப்பதால் அங்குள்ள எவருக்கும் ஒரு பென்னிகூட லாபமில்லை. காருக்கான உச்சக் கட்டணம் 54.85 பவுண்டு. பல கராஜ்கள் அதைவிட மிகக் குறைத்து விளம்பரம் செய்வதுண்டு. அந்தக் குறைவை எங்கே ஈடுகட்டுகிறார்கள் என்பது பில் வரும்போது விளங்கும்.

பரிசோதகர் அதிகம் பேசாதவர், ஆனால் கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னார். லிஃப்டில் ஏற்றிய காரின் முன்சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்து, சஸ்பென்ஷன் பால் ஜாயின்டின் (சக்கரத்தைத் தாங்கும் பாகங்களை இணைக்கும் உருண்டை மூட்டின்) ரப்பர் உறை கிழிந்து தொங்கியதையும், உள்ளிருந்த கிரீஸில் மணல் ஒட்டியிருந்ததையும் காட்டினார். உறையில் வெறும் வெடிப்பு மட்டும் இருந்திருந்தால் சிறு குறை என்று விட்டிருக்கலாம், அழுக்கு உள்ளே போவதைத் தடுக்க முடியாத நிலை என்பதால் பெரிய குறையாகவே பதிய வேண்டும் என்றார். டயர்களின் தடத்தின் ஆழம் சட்டம் கேட்கும் 1.6 மில்லிமீட்டருக்குச் சற்றே மேலிருந்ததால் அவற்றை அறிவுரையாக மட்டும் குறித்தார். முன்கண்ணாடியில் கல் பட்ட புள்ளியையும் அளந்து பார்த்தார். ஓட்டுநரின் நேர் பார்வையில் 10 மில்லிமீட்டரைத் தாண்டாததால் அது தப்பியது.

கார் தேறவில்லை என்றாலும் பழைய சான்றிதழ் இன்னும் செல்லுபடியாக இருந்ததாலும், 'ஆபத்தானது' என்று எதுவும் பதியப்படாததாலும் அதை ஓட்டிக்கொண்டே வீடு திரும்ப முடிந்தது. கடைசி நாளில் சென்றிருந்தால், கிடைத்த கராஜில் சொன்ன விலைக்குத் தலையாட்டியிருக்க வேண்டும். இப்போது நம்பிக்கையான மெக்கானிக்கிடம் விலை பேசிச் சரிசெய்து, 10 வேலை நாட்களுக்குள் அதே நிலையத்துக்குக் கொண்டுபோய், குறைந்த கட்டணத்தில் மறுபரிசோதனையும் முடித்துவிட்டேன். ஆனாலும் சான்றிதழ் கையில் இருக்கிறதே என்று பழுதோடு நாட்கணக்கில் ஓட்டக்கூடாது. சாலைக்குத் தகுதியற்ற காரை ஓட்டுவது எப்படியும் குற்றமே.

குறைகளும் உண்டு. தொலைபேசியில்தான் முற்பதிவு, அதிலும் வெகுநேரம் காத்திருக்க வேண்டும். சனிக்கிழமைகளில் திறப்பதில்லை. காத்திருக்கும் அறையில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. பழுதுக்கு வேறிடம் தேடி அலைய நேரமில்லாதவர்களுக்கு, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் முடிக்கும் கராஜே வசதி. மற்றவர்கள் அந்த ஒரு மாதம் தொடங்கும் வாரத்துக்கே நாள் கேட்டு வைப்பது நல்லது, ஏனெனில் இங்கே முற்பதிவு சீக்கிரம் நிரம்பிவிடுகிறது.