ரோயிங் மெஷின்: காற்றா, தண்ணீரா?

வீட்டுக்கு, துடுப்புப் போடுவது போல இழுத்து உடற்பயிற்சி செய்யும் இயந்திரம் வேண்டும். காற்றை எதிர்த்து இழுக்கும் கான்செப்ட்2 ரோஎர்க் வாங்குவதா, தண்ணீரை எதிர்த்து இழுக்கும் வாட்டர்ரோவரா? சத்தத்தைத்தான் முதலில் பாருங்கள். கான்செப்ட்2-வின் விசிறிச் சக்கரம் இழுக்க இழுக்க இரையும். பக்கத்து அறையில் குழந்தை தூங்கினால் சிரமம். வாட்டர்ரோவரில் தொட்டித் தண்ணீர் சலசலப்பதோடு சரி.

வேகத்தைத் துல்லியமாக அளந்து முன்னேற நினைத்தால் கான்செப்ட்2 தான். அதன் டேம்பரை (விசிறிக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் 1 முதல் 10 வரையிலான நெம்புகோல்) பலரும் 10-இல் வைத்து முதுகைக் கெடுத்துக்கொள்கிறார்கள். 10 என்றால் கனமான படகை இழுப்பது போல, அவ்வளவே. 3 முதல் 5 போதும். வாட்டர்ரோவரில் டேம்பர் தொல்லையே இல்லை. இரண்டிலுமே வேகமாக இழுத்தால் எதிர்ப்பும் கூடும்.

கான்செப்ட்2 சங்கிலிக்கு 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை ஒரு தேக்கரண்டி எண்ணெயைத் துணியில் நனைத்துத் தடவுங்கள். தண்டவாளத்தில் கறுப்பு அழுக்குப் படிந்தால் இருக்கை தடதடக்கும், தினமும் துடையுங்கள். வாட்டர்ரோவர் தொட்டியில் வெயில் பட்டால் பாசி பிடிக்கும். தண்ணீர் மங்கினால் குளோரின் மாத்திரை போடுங்கள்.

இடம் குறைவா? வாட்டர்ரோவரை நிமிர்த்தி நிறுத்தலாம். கான்செப்ட்2 இரண்டாகக் கழலும்.