முக்கிய ஆவணங்களை அனுப்ப எந்தத் தபால்? ஓர் ஒப்பீட்டு அலசல்

முக்கியமான ஆவணம் ஒன்றைத் தபாலில் அனுப்பும்போது நமக்கு இருக்கும் அச்சம் எதைப் பற்றியது என்பதை முதலில் பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். உறை வழியில் தொலைந்துவிடுமோ என்பது ஓர் அச்சம். தாமதமாகிக் கடைசித் தேதி தவறிவிடுமோ என்பது இன்னொன்று. பெற்றுக்கொண்டவரே பின்னாளில் ‘எனக்கு எதுவும் வரவில்லை’ என்று சாதித்தால் என்ன செய்வது என்பது மூன்றாவது. இடையில் யாராவது பிரித்துப் படித்துவிடுவார்களோ என்பது நான்காவது. கவுன்ட்டரில் கிடைக்கும் ஒவ்வொரு சேவையும் இவற்றுள் ஒன்றிரண்டை மட்டுமே கவனித்துக்கொள்கிறது. கட்டணம் கூடினால் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு கிடைத்துவிடும் என்ற எண்ணத்தில்தான் பலர் தவறான சேவைக்குப் பணம் கட்டுகிறார்கள்.

கையொப்பம் வாங்கிக்கொண்டு கொடுக்கும் தபாலையும் பதிவுத் தபாலையும் ஒன்றாகக் கருதுவது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிரிட்டனின் ‘சைன்டு ஃபார்’, அமெரிக்காவின் ‘சர்ட்டிஃபைடு மெயில்’ ஆகிய இரண்டிலும் உறை மற்றக் கடிதங்களோடு கலந்தே பயணம் செய்கிறது. கையொப்பம் கடைசி வாசலில்தான் வாங்கப்படுகிறது. உறை போய்ச் சேர்ந்துவிட்டால், சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும். வழியில் காணாமற்போனாலோ, ஸ்கேன் செய்த விவரங்கள் ஒன்றிரண்டு இருக்கலாமே தவிர, ‘என் பொறுப்பில் இருந்தது’ என்று கையெழுத்திட்டவர் எவரும் இருக்கமாட்டார். அமெரிக்கப் பதிவுத் தபாலில் நிலைமை வேறு. அங்கே உறை பூட்டிய இடத்தில் வைக்கப்படுகிறது. ஓர் ஊழியரிடமிருந்து அடுத்தவருக்கு மாறும் ஒவ்வொரு முறையும் பொறுப்பு எழுத்தில் பதிவாகிறது. உறையின் ஒட்டுவாய்களைப் பிளாஸ்டிக் டேப்பால் ஒட்டிக்கொண்டு போனால் ஏற்கமாட்டார்கள். மை ஊறிப் பதியும்படி காகித டேப்தான் வேண்டும் என்பார்கள். ஒட்டுவாய்களின் மீது குறுக்காகத் தேதி முத்திரை குத்தப்படுவதால், யாராவது பிரித்து மறுபடி ஒட்டினால் முத்திரையின் கோடுகள் பொருந்தாமல் காட்டிக்கொடுத்துவிடும்.

நகை வணிகர் ஹாரி வின்ஸ்டன் 1958-இல் புகழ்பெற்ற நீல வைரமான ஹோப் வைரத்தை நியூயார்க்கிலிருந்து வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனத்துக்கு இந்தப் பதிவுத் தபாலில்தான், பழுப்புக் காகிதம் சுற்றிய ஒரு பொட்டலமாக அனுப்பினார். மொத்தச் செலவு 145.29 டாலர், அதில் தபால் கட்டணம் 2.44 டாலர் மட்டுமே, மீதி முழுவதும் பத்து லட்சம் டாலருக்கான காப்பீடு. இத்தனை கட்டுக்காவலுக்கு ஈடாக நாம் இழப்பது வேகத்தை. கை மாறும் இடமெல்லாம் கணக்கெழுதினால் உறை மெதுவாகத்தான் நகரும். நாளைக் காலைக்குள் சேர வேண்டிய ஒப்பந்தப் புள்ளிக்கு இது உதவாது. இன்னொரு பிரதி கிடைக்காத மூலப் பத்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான தபால் இல்லை என்பது என் கருத்து.

எல்லா நாடுகளிலும் இந்தச் சேவை இதே வடிவத்தில் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இந்திய அஞ்சல் துறை 2025-இல் பதிவுத் தபாலைத் தனிச் சேவையாக நடத்துவதை நிறுத்தி, ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டது. ஸ்பீடு போஸ்ட் முகவரிக்குக் கொடுக்கப்படுவது. அந்த வீட்டில் இருக்கும் யாரும் வாங்கிக்கொள்ளலாம். பெயருக்குரியவர் அல்லது அவர் அதிகாரம் அளித்தவர் கையில்தான் சேர வேண்டும் என்றால், ‘பதிவு’ என்ற கூடுதல் வசதியைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். முகவரியில் சேர்ப்பதும் ஆளிடம் சேர்ப்பதும் வெவ்வேறு என்ற இந்த வேறுபாடு எந்த நாட்டுத் தபாலுக்கும் பொருந்தும் என்பதால், கட்டணம் செலுத்துவதற்கு முன் கேட்டுத் தெளிய வேண்டிய கேள்விகளில் முதலாவதாக இதையே வைப்பேன்.

காப்பீட்டுத் தபாலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வைரத்துக்குச் சந்தை விலை உண்டு, பட்டச் சான்றிதழுக்கு இல்லை. எனவே ஆவணம் தொலைந்தால், நகல் பெறுவதற்கு ஆகும் செலவைத் தாண்டிப் பெரும்பாலும் எதுவும் கிடைப்பதில்லை. அலைச்சலுக்கும் தவறிப்போன வாய்ப்புக்கும் யாரும் ஈடு கட்டமாட்டார்கள். கையில் வைத்திருப்பவருக்கே பணம் கிடைக்கும் வகையிலான பத்திரங்களை அனுப்பும்போதுதான் இதற்குப் பொருள் இருக்கிறது.

தனியார் கூரியருக்கு வேகம் பெரிய பலம். வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்வார்கள்; உறை எந்த ஊரில் இருக்கிறது என்பது கைபேசியிலேயே தெரியும். நாடு விட்டு நாடு அனுப்பும்போது இன்னொரு வசதியும் உண்டு: பெரிய நிறுவனங்களில் புறப்பட்ட இடத்திலிருந்து சேரும் இடம் வரை ஒரே நிறுவனமே பொறுப்பாக இருக்கும். அரசுத் தபாலிலோ உறை ஒரு நாட்டின் துறையிடமிருந்து இன்னொரு நாட்டின் துறைக்கு மாறுகிறது. இந்தக் கைமாற்றத்துக்காகவே 1874-இல் பெர்ன் நகரில் உருவான உலக அஞ்சல் ஒன்றியம் 13 குறிகள் கொண்ட பொது எண் முறையை வகுத்திருக்கிறது: முதலில் இரண்டு எழுத்துகள், பிறகு ஒன்பது இலக்கங்கள், முடிவில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள். முதல் எழுத்து ‘ஆர்’ என்றால் பதிவுத் தபால், ‘வி’ என்றால் காப்பீட்டுத் தபால், ‘ஈ’ என்றால் விரைவுத் தபால். ரசீதில் இருக்கும் அந்த ஓரெழுத்தைப் பார்த்தாலே கேட்ட சேவைதான் கிடைத்ததா என்று கவுன்ட்டரை விட்டு நகர்வதற்குள் தெரிந்துவிடும்.

கூரியரின் பலவீனம் ரசீதின் பின்பக்கத்தில், படிக்க முடியாத பொடி எழுத்தில் இருக்கிறது. மதிப்பைத் தனியாக அறிவிக்காத உறைக்கு நிறுவனத்தின் பொறுப்பு ஒரு சிறு தொகையோடு நின்றுவிடும். சட்டத்தின் பார்வையும் வேறு. இந்தியாவின் 1897-ஆம் ஆண்டுப் பொது வாசகச் சட்டத்தின் (ஜெனரல் கிளாசஸ் ஆக்ட்) 27-ஆவது பிரிவு, சரியான முகவரி எழுதி, கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் அனுப்பினால் அறிவிப்பு சேர்ப்பிக்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும் என்கிறது. மறுப்பவர்தான் அதற்கு மாறானதை நிரூபிக்க வேண்டும். பிரிவில் எழுதப்பட்டிருப்பது பதிவுத் தபால் என்பதால், அந்தச் சலுகை கூரியர் ரசீதுக்குத் தானாகக் கிடைப்பதில்லை.

இங்கே சாதாரணத் தபாலுக்காகவும் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கிறது. பிரிட்டனின் 1978-ஆம் ஆண்டுப் பொருள்கோள் சட்டத்தின் 7-ஆவது பிரிவு பதிவுத் தபாலைக் கேட்பதில்லை. முறையாக முகவரி எழுதிக் கட்டணம் செலுத்தி அஞ்சலில் சேர்த்தாலே போதும். அஞ்சலில் சேர்த்ததற்கு அங்கே இலவசமாகவே சான்று கிடைக்கும். கையொப்பம் கேட்கும் உறையை வாங்காமல் திருப்பி அனுப்பலாம், வீட்டில் ஆளில்லை என்று தட்டிக் கழிக்கலாம்; கதவிடுக்கில் விழும் சாதாரணக் கடிதத்தை அப்படி மறுக்க வழியில்லை. மூல ஆவணம் எதுவும் இல்லாத வெறும் அறிவிப்புக் கடிதத்துக்கு, அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுத்தால், இரண்டு வழிகளிலும் ஒவ்வொரு பிரதி அனுப்புவது கெட்டிக்காரத்தனம்.

மின்வழியும் இப்போது போட்டியில் இருக்கிறது. இத்தாலியில் சான்றளிக்கப்பட்ட மின்னஞ்சலுக்கு, ஒப்புகை அட்டையோடு கூடிய பதிவுத் தபாலுக்கு நிகரான சட்ட மதிப்பு உண்டு. அத்தகைய ஏற்பாடு இல்லாத இடங்களிலும், பிரதி மட்டுமே தேவை என்றால், கடவுச்சொல்லால் மறையாக்கம் செய்த கோப்பை அனுப்பிவிட்டு, கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்வது எந்த உறையையும்விட இரகசியமானது. ஆகவே சான்றொப்பமிட்ட நகலோ மின்பிரதியோ போதுமா என்று பெறுபவரிடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். போதும் என்று அவர் சொல்லிவிட்டால் மூலப் பத்திரம் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதே இல்லை.

எந்தச் சேவையைத் தேர்ந்தாலும் ‘வெறும் உறைதான் வந்தது’ என்ற வாதத்தை அது தானாகத் தடுப்பதில்லை. அதற்கு உதவுவது ரசீதில் அச்சாகும் எடை. 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்றின் எடை ஏறக்குறைய 5 கிராம். இருபது தாள்கள் கொண்ட உறைக்கு நூறு கிராமுக்கு மேல் எடை காட்டியிருந்தால், உள்ளே ஒன்றுமில்லை என்று சொல்வது கடினம். உள்ளடக்கப் பட்டியல் ஒன்றை முதல் தாளாக வைத்து, அதையும் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துக்கொள்வது நல்லது. ஆவணங்களை ஒளி ஊடுருவாத உள்ளுறையில் இட்டு, அதன் மீதும் முகவரியை எழுத வேண்டும். வெளியுறை மழையில் நைந்து கிழிந்தாலும் உள்ளுறை வழி கண்டுபிடித்துக்கொள்ளும். வெளியுறையில் ‘மூலச் சான்றிதழ்கள்’ என்று கொட்டை எழுத்தில் எழுதுவதைத் தவிர்க்கலாம்; களவாடுபவருக்கு நாமே முகவரி கொடுப்பதாக ஆகிவிடும்.

ஒப்புகை திரும்பி வராவிட்டால் காத்திருந்து நாளைக் கடத்தக் கூடாது. பன்னாட்டுத் தபாலில் விசாரணை கோருவதற்கு உலக அஞ்சல் உடன்படிக்கை தரும் காலம், அனுப்பிய மறுநாளிலிருந்து ஆறு மாதம். உள்நாட்டுத் தபாலிலும் கூரியரிலும் அது இன்னும் குறைவாக இருக்கக்கூடும். புகார் கொடுக்கும்போது அசல் ரசீது தேவைப்படும் என்பதால், வெயிலில் எழுத்து மங்கிவிடும் அந்தத் தெர்மல் தாளை, வாங்கிய அன்றே நகலெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.