திருத்துவதா, மாற்றுவதா? முதலாளித்துவத்தின் முன் நிற்கும் இரண்டு வழிகள்

முதலாளித்துவத்தைத் திருத்தினால் போதும் என்பவர்களைக் கோழைகள் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வராது. பிரிட்டனின் 1833 தொழிற்சாலைச் சட்டம் பெரும்பாலான நூற்பாலைகளில் ஒன்பது வயது நிரம்பாத குழந்தைகளை வேலைக்கு வைக்கத் தடை போட்டது. மீறுபவர்களைப் பிடிக்க ஆய்வாளர்களையும் நியமித்தது. அந்தக் குழந்தைகளிடம் போய் 'புரட்சி வரும்வரை பொறுங்கள்' என்று யார் சொல்ல முடியும்?

திருத்தத்தின் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சொத்து பழைய கைகளிலேயே இருப்பதால், கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கும் பலமும் அங்கேயே தங்கிவிடுகிறது. அமெரிக்காவில் 1950களின் பெரும்பாலான ஆண்டுகளில் வருமான வரியின் உச்ச விகிதம் 91%. 1988-இல் அது 28%. மக்களின் சேமிப்பை வாங்கும் வங்கியையும் பங்குச்சந்தை வியாபாரத்தில் இறங்கும் வங்கியையும் 1933-இல் ஒரு சட்டம் பிரித்து வைத்தது. 1999-இல் அந்தத் தடுப்பையும் எடுத்துவிட்டார்கள். 2008 உலக நிதி நெருக்கடிக்கு அது ஒன்றே காரணம் என்பது மிகை. ஆனால் வங்கிகளின் கை எவ்வளவு ஓங்கியிருந்தது என்பதற்கு அது சாட்சி.

சரி, மொத்தமாக மாற்றிவிடலாமா? சோவியத் நாட்டில் ஆலைகள் மக்கள் பெயரில் இருந்தன, முடிவுகளைக் கட்சி எடுத்தது. 1962 ஜூனில் இறைச்சி, வெண்ணெய் விலையை அரசு ஏற்றியது. நோவோசெர்காஸ்க் நகரத்து ரயில் எஞ்சின் ஆலையில் அதற்கு முன்பே கூலி குறைந்திருந்தது. தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு ஊர்வலமாகப் போனார்கள். ராணுவம் சுட்டதில் 26 பேர் இறந்தார்கள். 'தொழிலாளர் அரசு' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஊர்வலம்தான் நினைவுக்கு வருகிறது.

ஸ்பெயினின் மோன்ட்ராகோன் கூட்டுறவு வேறு மாதிரி. 1956-இல் அடுப்பு செய்யும் சின்னப் பட்டறையாகத் தொடங்கியது. அங்கே வேலை செய்யும் உறுப்பினர்களே உரிமையாளர்கள்; ஆளுக்கு ஒரு ஓட்டு. மேலாளர் சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. 2013-இல் அதன் வீட்டுச் சாதன நிறுவனமான ஃபாகோர் திவாலானபோது, உறுப்பினர்களில் பலருக்குக் குழுமத்தின் மற்ற கூட்டுறவுகளில் இடம் கிடைத்தது. ஆனால் போலந்து ஆலையில் உழைத்தவர்கள் உறுப்பினர்களே அல்ல; அவர்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. சந்தைக்குள் தனித்தீவாக நிற்கும் கூட்டுறவு, தன் வாசலுக்கு வெளியே முதலாளியாகவே நடந்துகொள்ள நேர்கிறது.

எனக்கு இந்த இரண்டையும்விட 1976-இல் சுவீடன் தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஏற்ற திட்டம்தான் பிடிக்கும். பெரிய நிறுவனங்கள் ஆண்டுதோறும் லாபத்தில் 20 சதவீதத்தைப் புதிய பங்குகளாகத் தொழிலாளர் நிதிக்குத் தர வேண்டும். துப்பாக்கி இல்லாமல், பறிமுதல் இல்லாமல், சில பத்தாண்டுகளில் பெரும்பான்மைப் பங்கு உழைப்பவர்களிடம் வந்து சேரும். திருத்தமாகத் தொடங்கி மாற்றாக முடியும் வழி இது. முதலாளிகளுக்கும் இது நன்றாகப் புரிந்தது: 1983-இல் பல்லாயிரம் பேர் ஸ்டாக்ஹோம் வீதியில் இறங்கி எதிர்த்தார்கள். நிறைவேறியது நீர்த்துப்போன வடிவம்தான். 1991-இல் வந்த அரசு அதையும் கலைத்தது. முழு வடிவில் அதை இன்னும் எந்த நாடும் சோதித்துப் பார்க்கவில்லை.