துருப்பிடித்த செவர்லே சி10 கேபின்: ஒட்டுவதா, மாற்றுவதா?

1967–72 செவர்லே சி10 பிக்கப்பில் துரு முதலில் அரிப்பது கதவுக்குக் கீழுள்ள ராக்கர் தகட்டையும் கேபினின் பின்கீழ் மூலைகளையும்தான். அதோடு நின்றால் வெட்டி ஒட்டுவதே லாபம். புதுத் தகடுகள் இன்றும் கிடைக்கின்றன. வெட்டுமுன் கதவுத் திறப்பில் குறுக்குக் குழாய் வைத்து வெல்டிங் செய்யுங்கள். இல்லாவிட்டால் கேபின் தொய்ந்து கதவு பொருந்தாது. 1 மி.மீ. தகட்டில் ஒரே மூச்சாக வெல்டிங் ஓட்டினால் சூட்டில் நெளியும். தள்ளித் தள்ளிப் பொட்டு வையுங்கள்.

முன்கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றுப்பெட்டி, தரை, கேபின் தாங்கிகள் மூன்றும் உளுத்திருந்தால் அமெரிக்காவின் அரிசோனா போன்ற வறண்ட மாநிலத்திலிருந்து துருப்பிடிக்காத பழைய கேபின் வாங்கி மாற்றுவதே மேல். வாங்குமுன் காந்தம் வைத்துப் பாருங்கள்: அது ஒட்டாத இடத்தில் துருவை மறைக்கப் பூசிய பட்டி (புட்டி) ஒளிந்திருக்கும். கேபினை மாற்றும்போது, வண்டியின் அடையாள எண் (VIN) தகடு பழைய கேபினின் ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் இருப்பதுதான் தலைவலி: கழற்றி மாற்றினால் அமெரிக்காவில் குற்றமாகலாம், வாகனப் பதிவு அலுவலகத்தில் முதலிலேயே கேளுங்கள்.