லேப்டாப்பா டெஸ்க்டாப்பா: சுங்கை சிப்புட் வீட்டுக்கு எது தாங்கும்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பிள்ளைக்குக் கணினி வாங்க நினைக்கும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "எந்த பிராண்டு நல்லது?" என்பதுதான். லேப்டாப்பா டெஸ்க்டாப்பா என்று அநேகமாக யாரும் யோசிப்பதில்லை. கணினி என்றாலே லேப்டாப் என்று ஆகிவிட்டது. கடையின் முன்வரிசையில் அதுதான் அடுக்கியிருக்கிறது, தவணைக்கும் கிடைக்கிறது, ஒரு பையையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அப்புறம் ஒன்றிரண்டு வருடத்தில் அதே வீட்டில், "அப்பவே டெஸ்க்டாப் எடுத்திருக்கலாம்" என்ற பேச்சு வருகிறது. பழுது பார்க்க என்னிடம் வரும் லேப்டாப்புகள் பல இந்தப் பேச்சோடுதான் வந்து சேர்கின்றன.

லேப்டாப் மட்டமான பொருள் என்று நான் சொல்லவில்லை. தூக்கிக்கொண்டு போகும் வசதிக்குக் காசு கொடுத்துவிட்டு, தூக்காமலே வைத்திருப்பதுதான் சிக்கல். ஹாலில் ஒரு மேசை, பக்கத்திலேயே பிளக், வாங்கிய நாளிலிருந்து அதே இடம். அந்த வசதிக்காக வேகத்தையும், பழுது பார்க்கும் எளிமையையும், பெரிய திரையையும் விட்டுக்கொடுத்தாயிற்று. ஆகவே பிராண்டைக் கேட்கும் முன் கேட்க வேண்டியது இது: இந்தக் கணினி வாரத்தில் எத்தனை நாள் வாசலைத் தாண்டும்?

விலையில் தெரியும் வித்தியாசம்

கடைக்குக் கடை மாறும், சுமாராகத்தான் சொல்கிறேன். ஓரளவு உருப்படியான புது லேப்டாப், 16 ஜிபி ரேமும் (வேலை நேரத்து நினைவகம்) 512 ஜிபி எஸ்எஸ்டியும் (கோப்புகளைச் சேமிக்கும் இடம்) உள்ளது, 2,000 முதல் 2,500 வெள்ளி வரை ஆகும். அலுவலகங்கள் கழித்துவிட்ட டெஸ்க்டாப்பைச் சுத்தம் செய்து விற்பவர்களிடம், இண்டெல் கம்பெனியின் எட்டாம் தலைமுறை ஐ5 சிப் (கணினியின் மூளை) உள்ளதை 500, 600 வெள்ளிக்கு எடுக்கலாம். 24 அங்குலத் திரை புதிது என்றால் 350 வெள்ளிக்குப் பக்கம். கீபோர்டு, மௌஸ், வெப்கேம், கரண்ட் போனால் கைகொடுக்கும் சின்ன யுபிஎஸ் எல்லாம் சேர்த்தாலும் 1,300 வெள்ளியைத் தாண்டுவது கஷ்டம். மீதிக் காசில் ஒரு பிரிண்டரே வாங்கிவிடலாம்.

வருமான வரி கட்டுகிறவர்கள் ரசீதை பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வாழ்க்கைமுறைச் செலவுக்கான 2,500 வெள்ளி வரையிலான வரிவிலக்கில் கணினியும் சேரும், எந்த வகையாக இருந்தாலும் சரி.

மின்சாரத்தில் லேப்டாப் சிக்கனம், அதில் சந்தேகமில்லை. ஆனால் எவ்வளவு? சாதாரண வேலைக்கு லேப்டாப் 20, 25 வாட் இழுத்தால், பழைய அலுவலக டெஸ்க்டாப் திரையோடு சேர்ந்து 70 வாட் இழுக்கும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு எட்டு, ஒன்பது யூனிட் கூடும். யூனிட் 50 சென் என்று தாராளமாகவே வைத்தாலும் நாலரை வெள்ளி. இதற்காக லேப்டாப் வாங்குகிறேன் என்பவரோடு நான் வாதாடுவதில்லை, கணக்கை எழுதிக் கொடுத்துவிடுவேன்.

ஸ்டிக்கரில் இருக்கும் ஐ7

அதிகமாக ஏமாறுவது இங்கேதான். ஐ7 ஐ5-ஐ விடப் பெரியது, ஆகவே ஐ7 லேப்டாப் ஐ5 டெஸ்க்டாப்பை விட வேகம் என்று நினைத்துவிடுகிறார்கள். கம்பெனி ஒன்று என்பதற்காக கப்சாய் மோட்டார் சைக்கிள் எஞ்சினும் லோரி எஞ்சினும் ஒன்றாகிவிடுமா?

இண்டெலின் 12ஆம் தலைமுறையிலேயே இரண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். மெல்லிய லேப்டாப்புகளில் வரும் கோர் ஐ7-1255யு-வில் வேகமான கோர் (சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதி) 2, சிக்கனமான கோர் 8, அடிப்படை மின் அளவு 15 வாட். டெஸ்க்டாப்பில் வரும் கோர் ஐ5-12400-இல் ஆறு கோரும் வேகமானவை, அடிப்படை அளவே 65 வாட். ஒரு கடிதம் தட்டவோ யூடியூப் பார்க்கவோ இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. லேப்டாப் சில விநாடிகளுக்கு முழு மூச்சில் ஓடும். வேலை பத்து இருபது நிமிடம் நீளும்போதுதான் சாயம் வெளுக்கும். சூடு ஏறியதும் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டெஸ்க்டாப்பில் பெரிய விசிறியும் தாராளமான இடமும் இருப்பதால் அந்த அவசியம் வருவதில்லை.

கல்யாணம், காதணி விழா என்று வீடியோ எடுத்து எடிட் செய்யும் இளைஞர்கள் நம் ஊரில் நிறைய. அவர்களுக்கு இது சோறு போடும் விஷயம். திரையில் படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டிலும் இதே கதைதான். ஆர்டிஎக்ஸ் 4070 என்று இரண்டு பெட்டியிலும் அச்சடித்திருக்கும். டெஸ்க்டாப் 4070-இல் 5,888 கியூடா கோர் (கார்டுக்குள் கணக்குப் போடும் சின்னப் பகுதிகள்), 12 ஜிபி நினைவகம், 200 வாட். லேப்டாப் 4070-இல் 4,608 கோர், 8 ஜிபி. அதற்கு எத்தனை வாட் கொடுப்பது என்பதை லேப்டாப் தயாரிப்பாளரே 35 முதல் 115 வாட்டுக்குள் முடிவு செய்துகொள்ளலாம். பெட்டி மேல் அந்த எண்ணைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. பெயர் ஒன்று, பொருள் வேறு. இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார், தவுக்கே மேல் தப்பில்லை, யாரும் கேட்பதில்லையே.

தகரக் கூரையும் பேட்டரியும்

ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் பல தோட்ட வீடுகளில் கூரை மாறவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த ஹாலில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். லேப்டாப் காற்றை உறிஞ்சும் வாய் பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருக்கிறது. அதை மெத்தை மேலோ தலையணை மேலோ வைத்தால் அந்த வாயை அடைத்ததாக ஆகும்.

இதைவிட மோசம், வருடக்கணக்கில் பிளக்கிலேயே மாட்டி வைப்பது. லித்தியம் பேட்டரிக்கு ஆகாதவை இரண்டு: எந்நேரமும் நூறு சதவீத சார்ஜ், அதோடு சூடு. இங்கே இரண்டும் சேர்ந்தே கிடைக்கின்றன. சில பேட்டரி சும்மா சக்தி குறையும், சில உப்பிவிடும். டச்பேட் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறதா, மூடி சரியாக மூட மறுக்கிறதா, உடனே அணைத்துவிட்டுக் கழற்றக் கொண்டு போங்கள். "இன்னும் ஓடுதுதானே அண்ணே" என்று பயன்படுத்திக்கொண்டிருப்பது ஆபத்து. உப்பிய பேட்டரியைக் குத்தி அமுக்கிப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம் லா.

டெஸ்க்டாப்புக்கு வேறு எதிரிகள். தூசி, எறும்பு, பல்லி. சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்த பெட்டி என்றால் சாம்பிராணிப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் விசிறியில் அப்பிக்கொள்ளும். ஆனால் மூடியைக் கழற்றி, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்ய எந்தப் பையனாலும் முடியும்.

பழுது என்று வந்தால் பேச்சே வேறு. டெஸ்க்டாப்பில் பவர் சப்ளை போனால் பவர் சப்ளை மட்டும், ரேம் போனால் ரேம் மட்டும். கீபோர்டில் மைலோ கொட்டினால் முப்பது வெள்ளியோடு போச்சு. லேப்டாப்பில் அதே மைலோ, எல்லா பாகமும் இணைந்திருக்கும் மதர்போர்டு வரை இறங்கும். இப்போதைய மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம் போர்டோடு ஒட்டியே வருகிறது. விவரத் தாளில் எல்பிடிடிஆர் (LPDDR) என்ற ரேம் வகையைப் போட்டிருந்தால் பெரும்பாலும் பிறகு கூட்ட வழியில்லை, வாங்கும் அன்று இருப்பதுதான் கடைசிவரை.

லேப்டாப் ஜெயிக்கும் இடங்கள்

இடி. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் சாயங்காலம் ஆனால் இந்தப் பக்கம் வானம் சும்மா இருப்பதில்லை. லேப்டாப்காரர் வயரைப் பிடுங்கிவிட்டு வேலையைத் தொடரலாம். டெஸ்க்டாப்காரர் அணைத்துவிட்டுப் பிளக்கைக் கழற்ற வேண்டும். யுபிஎஸ் கரண்ட் போனால் சில நிமிடம் தாக்குப்பிடித்துக் கோப்பைச் சேமிக்க உதவும், பக்கத்தில் விழும் இடிக்கு அதுவும் உத்தரவாதமில்லை. இணையத்துக்குச் செம்புக் கம்பி வரும் வீடு என்றால் அந்த வயரையும் கழற்ற வேண்டும். ஃபைபரில் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, அந்த வழியில் பயம் குறைவு.

கேமரா, மைக், வைஃபை எல்லாம் லேப்டாப்புக்கு உள்ளேயே இருக்கின்றன. அலுவலகத்திலிருந்து வந்த டெஸ்க்டாப்பில் வைஃபை இல்லாமலே இருப்பது சகஜம். முப்பது நாற்பது வெள்ளிக்கு ஒரு யுஎஸ்பி வைஃபை வாங்கிச் செருக வேண்டும், அல்லது கைத்தொலைபேசியை யுஎஸ்பி வயரில் இணைத்து அதன் டேட்டாவை எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் இடம். இரண்டே அறை உள்ள வீட்டில் தனியாக ஒரு கணினி மேசை போடுவது எல்லோருக்கும் முடிகிற காரியமில்லை.

கணினி யாருக்குச் சொந்தம்

எண்களை விட எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். வீட்டுக்கென்று வாங்கிய லேப்டாப் ஒரே மாதத்தில் மூத்த பிள்ளையின் லேப்டாப் ஆகிவிடும். "தம்பி, அவன் அதைத் தூக்கிக்கிட்டு ரூமுக்குள்ள போனான்னா சாப்பிடக்கூட வரமாட்டேங்கிறான்" என்று ஒரு அம்மா சொன்னார். மூத்தவன் கோப்பேங்கில் மெட்ரிகுலேஷனுக்கோ ஈப்போ உங்கு ஓமார் பொலிடெக்னிக்குக்கோ போகும்போது அதுவும் பையோடு போய்விடும். படிவம் நான்கில் இருக்கும் தங்கச்சி மறுபடி கைத்தொலைபேசியில் பாடம் பார்ப்பாள். தவணை மட்டும் அப்பா சம்பளத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

டெஸ்க்டாப் ஹாலைவிட்டு நகராது. சண்டை வரும், நேரம் பங்கிட வேண்டியிருக்கும், ஆனால் எல்லோருக்கும் முறை கிடைக்கும். என்ன பார்க்கிறார்கள் என்று அடுப்படியிலிருந்தே தெரியும். அம்மா பலகார ஆர்டரைக் கணக்கெழுதலாம், அப்பா சங்கத்துக்குக் கடிதம் தட்டலாம். கண் மட்டத்தில் 24 அங்குலத் திரை இருந்தால் பிள்ளை கழுத்தைக் குனிந்துகொண்டு உட்கார வேண்டியதும் இல்லை.

அதனால் என் தீர்ப்பு இப்படி. விடுதிக்குப் போகப்போகும் பிள்ளைக்கு லேப்டாப், மறுபேச்சில்லை. உப்சி பல்கலைக்கழகத்தில் படிப்பவர், பள்ளி பள்ளியாகப் போகும் ஆசிரியர், வீடு வீடாகப் போய் டியூஷன் எடுப்பவர், இவர்களுக்கும் லேப்டாப்தான். வீடியோ எடிட் செய்பவர், கேம் ஆடும் தம்பி, வீட்டோடு தொழில் செய்யும் அக்கா, ஆரம்பப் பள்ளியிலும் இடைநிலைப் பள்ளியிலும் இரண்டு மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பம், இவர்களுக்கு டெஸ்க்டாப். எஸ்பிஎம் தேர்வு முடிய இன்னும் இரண்டு மூன்று வருடம் இருக்கிறது என்றால் விடுதி லேப்டாப்பை இப்போதே வாங்கி வைக்காதீர்கள். போகும் நேரத்தில் அது பழசாகியிருக்கும், பேட்டரியும் தளர்ந்திருக்கும்.

பழைய டெஸ்க்டாப் எடுப்பவர்களுக்கு

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இண்டெலில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல் வேண்டும். "ஐ7, 300 வெள்ளிதான்" என்று யாராவது நீட்டினால் தலைமுறையைக் கேளுங்கள். டெல் ஆப்டிபிளெக்ஸில் 7050 ஆறு, ஏழாம் தலைமுறை. 7060 எட்டாம் தலைமுறை. ஓர் எண் வித்தியாசம்தான், ஆனால் முன்னதை மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொள்வதில்லை.

ஒல்லியான பெட்டிகளில் அரை உயரக் கிராபிக்ஸ் கார்டு மட்டுமே நுழையும். பவர் சப்ளையும் கம்பெனி வடிவம், சாதாரணக் கடையில் கிடைப்பது பொருந்தாது. கேம், எடிட்டிங் என்ற எண்ணம் இருந்தால் உயரமான சாதாரணப் பெட்டியாகவே தேடுங்கள். சில அலுவலகப் பெட்டிகளில் திரையை இணைக்க எச்டிஎம்ஐ இல்லாமல் டிஸ்பிளேபோர்ட் மட்டும் இருக்கும், வயரையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். 2025 கடைசியில் ரேம் விலை எகிறிவிட்டதால், 8 ஜிபி வாங்கிப் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்ற பழைய யோசனை இப்போது எடுபடாது. 16 ஜிபி போட்டே கிடைத்தால் ஐம்பது வெள்ளி கூடுதலானாலும் எடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே லேப்டாப் வாங்கி வருந்துபவர்களுக்கு

விற்காதீர்கள், பாதி விலைகூட வராது. ஒரு திரையும் கீபோர்டும் மௌஸும் வாங்கி எச்டிஎம்ஐ வழியாக இணைத்து அதையே டெஸ்க்டாப்பாக்கிவிடலாம். அசூஸ், லெனோவோ போன்றவற்றில் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் அமைப்பு அவர்களுடைய செயலியிலேயே இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். பின்பக்கத்தை ஓர் அங்குலம் உயர்த்தி வைத்தால் அடியில் காற்று போகும். வருடத்துக்கு ஒரு தடவை விசிறியைச் சுத்தம் செய்யக் கொடுங்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் மட்டும் வேண்டாம், அப்போது வீட்டுச் சுத்தத்தோடு சேர்த்து எல்லோரும் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.